மாடியில் ஓடும் மீட்டர்கேஜ்: கேள்வி பதில்

போன இதழில் என் மொட்டை மாடிப் பொம்மை ரயில் படம் வந்ததன் வினை, இந்த மாதம் மூட்டையாகக் கடிதங்கள். மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகள் அடுத்த மாதம். கோபிக்க வேண்டாம்.

*ஜெர்மனியில் இருக்கும் மகன் பெரிய சைஸ் நீராவி இன்ஜின் ஒன்றைத் தண்டவாளத்தோடு அனுப்பினான். மாடியில் வட்டமாகப் போட்டேன். இரண்டு நாள் ஜோராக ஓடியது. இப்போது பத்தடிக்கு ஒரு தடவை திக்கி நிற்கிறது. தண்டவாளத்தைத் துடைத்துத் துடைத்து இடுப்பு போய்விட்டது ஐயா. பேட்டரியில் ஓட்ட முடியுமா?*
– வாசகர், திருமங்கலம்

முடியும். துடைப்பதை இன்றோடு விடுங்கள்.

உங்கள் இன்ஜின் சக்கரம் வழியாகத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறது. பித்தளைத் தண்டவாளம் நம்ம ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் கறுத்துப்போகும். துண்டும் துண்டும் சேருகிற ஒவ்வொரு இடமும் தனித் தொல்லை. பேட்டரியை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் தண்டவாளத்துக்கு வண்டியைத் தாங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. கறுத்தால் கறுத்துக்கொள்ளட்டும்.

முதல் வேலை பேட்டரி வாங்குவது இல்லை. சக்கரத்திலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயர்களைக் கழற்றுவது. இதைச் செய்யாமல் பேட்டரியை இணைத்தால் அந்த மின்சாரம் சக்கரம் வழியே தண்டவாளத்தில் இறங்கும். குறுக்கே ஒரு ஆணி கிடந்தால் ஷார்ட். மல்டிமீட்டரைப் 'பீப்'பில் வைத்து ஒரு முள்ளைச் சக்கரத்திலும் இன்னொன்றை மோட்டார் காலிலும் தொடுங்கள். கத்தினால் உள்ளே எங்கோ ஒரு பித்தளைத் தகடு இன்னும் உரசிக்கொண்டிருக்கிறது. எல்லாச் சக்கரத்தையும் தொட்டு, மீட்டர் வாயே திறக்காத பிறகு அடுத்த வேலை.

பேட்டரிக்கு 18650 லித்தியம் செல் நான்கு. 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். வரிசையாகச் சேர்த்தால் 14.8 வோல்ட், முழு சார்ஜில் 16.8. இன்ஜினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டருக்குள் அடங்கும். செல்லில் நேராகச் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். சூடு உள்ளே இறங்கிச் செல்லைக் கெடுக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டு அடித்துத் தருபவரிடம், பாதுகாப்பு போர்டோடு சேர்த்துக் கட்டி வாங்குங்கள்.

'மோட்டார் 20 வோல்ட்டுக்கு மேலேயும் தாங்குமாமே, 14.8 போதுமா?' என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். உங்கள் வண்டி நிஜ வண்டியின் அளவில் 22.5-ல் ஒரு பங்கு. மதுரை-போடி லைனில் மீட்டர்கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்) வண்டி மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போனதாக வைத்துக்கொண்டால், மாடியில் அது நொடிக்கு 55 சென்டிமீட்டர்தான். 10 மீட்டர் போக 18 விநாடி. அதற்கு 14.8 போதும். 20 வோல்ட் கொடுத்துப் பறக்கவிட்டால் ரயில் மாதிரி இருக்காது, பூனை துரத்தின எலி மாதிரி இருக்கும்.

அடுத்தது வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு. கடையில் இஎஸ்சி என்று கேளுங்கள். பிரஷ் வைத்த மோட்டாருக்கானது வேண்டும். அட்டையில் எத்தனை செல் தாங்கும் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். பொம்மைக் கார் போர்டுகள் பல 2 செல்லோடு சரி, 4 செல் கொடுத்தால் புகைதான். கார் போர்டில் இன்னொரு குணம்: பின்னால் போக லீவரை ஒருதரம் தள்ளினால் பிரேக், மறுதரம் தள்ளினால்தான் ரிவர்ஸ். ரயிலுக்கு அது சரிப்படாது. நேராக முன்னும் பின்னும் போகிற வகை கிடைக்கும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் போர்டு அந்த நொடியே காலி.

கடைசியாகப் ஃபியூஸ். இதை நான் அடிபட்டுக் கற்றேன். என் முதல் வண்டியில், டெண்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஒயரைக் கொக்கிக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது இரும்புத் தகட்டில் உரசியிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரன் பேத்தி எல்லாம் சுற்றி நிற்கும்போது டெண்டருக்கு அடியில் புகை. 'ஐ, தாத்தா வண்டி நிஜமாவே புகை விடுது!' என்று கைதட்டுகிறார்கள். நான் வெறும் கையால் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினேன். விரலில் அந்த ஒயரின் தடம் ஒரு மாதம் இருந்தது. ரயில்வே லோகோவில் எலெக்ட்ரிக்கல் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். வெளியே சொன்னால் வெட்கம். பேட்டரி பிளஸ் முனைக்கு ஒட்டினாற்போல் 5 ஆம்பியர் ஃபியூஸ், ஒயர் வளைந்து கொடுக்கத் தாராளமாக இரண்டு அங்குலம். இரண்டும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

2600 மில்லி ஆம்பியர் ஹவர் செல் போட்டால் என் வண்டி மூன்று பெட்டியோடு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. ஓட்டி முடித்த சூட்டோடு வெயிலில் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மாதத்து மாடித் தளம் அதைத் தாண்டியிருக்கும். கீழே கொண்டுவந்து, ஆறவிட்டு, கண் பார்வையில் போடுங்கள்.

*பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல் போடலாமா? சும்மா கிடைக்கிறது.*
– வாசகர், செல்லூர்

வேண்டாம் தம்பி. நான்கில் எது நோஞ்சானோ அதன் தெம்புதான் மொத்த பேட்டரிக்கும்.

*என் இன்ஜினில் சவுண்ட் கார்டு போட்டிருக்கிறேன். 'குப் குப்' சத்தம் சக்கரத்தோடு ஒட்டவே இல்லை. சத்தமும் கொசு பாடுவது போல இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.*
– ஆசிரியை, உசிலம்பட்டி

அம்மா, இரண்டு நோய். தனித்தனி மருந்து.

உங்கள் கார்டு மோட்டாருக்குப் போகும் வோல்ட்டைப் பார்த்து வேகத்தை ஊகிக்கிறது. ஏற்றத்தில் வண்டி முக்கி முனகினாலும் சத்தம் பழைய வேகத்திலேயே ஓடும். நம் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்பி வகை நீராவி இன்ஜினுக்கு இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் முன்பக்கமும் பின்பக்கமும் ஆவி தள்ளும். ஆக, பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு 'குப்'. அதனால் ஓட்டும் சக்கரத்தின் அச்சில் சம இடைவெளியில் நான்கு குட்டிக் காந்தம் ஒட்டி, எதிரே ஒரு ரீட் சுவிட்ச் வையுங்கள். காந்தம் கடக்கும்போதெல்லாம் சுவிட்ச் மூடும், கார்டு ஒரு 'குப்' விடும். பெரும்பாலான கார்டில் இதற்கென்று தனி முனை உண்டு. டெண்டர் சக்கரத்தில் ஒட்டாதீர்கள். அது சின்னது, வேகமாகச் சுற்றும், கணக்கு தப்பும்.

கொசுவுக்கு வருவோம். ஸ்பீக்கரின் முன்னால் வரும் சத்தமும் பின்னால் வரும் சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடும், அதிலும் அடிச்சத்தத்தை. வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேளுங்கள். அப்படியே ஒரு காலி டம்ளர் வாயில் கவிழ்த்து அழுத்திக் கேளுங்கள். வித்தியாசம் தெரியும். நான் பிவிசி பைப் மூடி ஒன்றில் ஸ்பீக்கரை உட்காரவைத்து, சுற்றிலும் சிலிக்கான் போட்டு அடைத்து, டெண்டர் தரையில் ஓட்டை போட்டுக் கீழ்நோக்கிப் பொருத்தினேன். மூடி முப்பது ரூபாய்க்குள். அதைச் செய்யாமல் பல ஆயிரத்துக்குக் கார்டு வாங்குவது, வெண்கலப் பானையில் பழையசோறு வைக்கிற கதை.

ஓடும்போது கரகரவென்று இரைச்சல் கலந்தால், மோட்டாரின் இரண்டு காலுக்கும் குறுக்கே '104' என்று எழுதிய சின்னக் கபாசிட்டர் ஒன்று போடுங்கள்.

*ரிமோட் பத்தடி தாண்டினால் கேட்பதில்லை. ஒருமுறை வண்டி நிற்காமல் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டிவிட்டது.*
– வாசகர், வத்தலக்குண்டு

உங்கள் இன்ஜின் பித்தளை உடம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை உலோகத்தைத் தாண்டாது. ரிசீவரிலிருந்து வரும் ஆன்டெனா ஒயரின் நுனியில் தோல் உரித்த 31 மி.மீ. பாகம்தான் உண்மையான ஆன்டெனா. அது மட்டும் வெளியே தெரிந்தால் போதும். பிளாஸ்டிக் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் ஒளித்துவிடலாம். அந்த நுனியை வெட்டவோ மடக்கவோ கூடாது.

தொட்டியில் முட்டியது வேறு குற்றம். சிக்னல் போனதும் சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். 'ஃபெயில்சேஃப்' அமைப்பில் வேகம் பூஜ்ஜியம் என்று பதியவையுங்கள். பிறகு வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரம் சுற்றும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். நிற்கணும்.

*எங்கள் ஊர் வழியாகப் போன பழைய டீசல் இன்ஜினைச் செய்ய ஆசை. எந்த அளவில் செய்வது?*
– கல்லூரி மாணவர், ஆண்டிபட்டி

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் தம்பி. நம் மாடித் தண்டவாளத்தின் இரண்டு கம்பிக்கும் நடுவே 45 மி.மீ. அதை 22.5-ஆல் பெருக்கிப் பார். 1012 மி.மீ. மீட்டர்கேஜுக்கு வெறும் 12 மி.மீ.தான் வித்தியாசம். 1968-ல் ஜெர்மன்காரன் அவன் ஊர் மீட்டர்கேஜுக்காகக் கொண்டுவந்த அளவு, நம் போடி லைனுக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது. இப்போதைய அகலப்பாதை வண்டியை இதே தண்டவாளத்தில் வைக்க வேண்டுமென்றால் 37-ல் ஒரு பங்காகச் சுருக்கணும்.

நீ சொல்வது ஒய்டிஎம்4. ஆல்கோ வகை ஆறு சிலிண்டர் இன்ஜின், அடியில் மூன்று அச்சு கொண்ட சக்கரச் சட்டம் (போகி) இரண்டு. 2010 கடைசியில் உங்கள் லைனில் மீட்டர்கேஜ் நின்றபோது உனக்கு என்ன வயது இருக்கும்! தேனிக்கு மறுபடி ரயில் வரவே 2022 ஆயிற்று. ஆண்டிபட்டி கணவாயில் அது ஏறும்போது டிரைவர் இன்ஜின் சக்தியை ஒவ்வொரு படியாக, அதாவது நாட்ச்சாக, ஏற்றுவார், மொத்தம் எட்டு. முதலில் இன்ஜின் உறுமும், வண்டி அதற்கப்புறம்தான் அசையும். உன் சவுண்ட் கார்டிலும் அப்படியே அமை: சத்தம் முன்னால், வேகம் ஒரு விநாடி கழித்து. அந்த ஒரு விநாடியில்தான் பொம்மை ரயிலாகும்.

நீளமான மூக்குக்குள் பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் தாராளமாக அடங்கும். கேபினை மட்டும் காலியாக விடு. நான் இடம் போதாமல் ஒரு செல்லை அங்கே சொருகிவிட்டேன். டிரைவர் சன்னலில் இன்றைக்கும் நீல முதுகு தெரிகிறது.