சிப்பாய்க்கும் 180 நாள்தான், சகோதரி

ராணுவக் காவல் படையில் சிப்பாயாக இருக்கிறேன், 180 நாள் மகப்பேறு விடுப்பு அதிகாரிகளுக்கு மட்டும்தான் என்று யூனிட் கிளார்க் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொல்வது பழைய கதை. 2023 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் அளித்தபோதே அந்த வேறுபாடு போய்விட்டது. சிப்பாய், கடற்படை வீராங்கனை, விமானப்படை வீராங்கனை எல்லோருக்கும் அதிகாரிகளுக்கு உரிய அதே விடுப்புதான்: முழுச் சம்பளத்துடன் 180 நாள், இரண்டு குழந்தைகள் வரை. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையைத் தத்தெடுத்தாலும் 180 நாள் உண்டு.

வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். மருத்துவச் சான்றுடன் எழுத்தில் விண்ணப்பியுங்கள்; நகலில் தேதியிட்ட கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்திலேயே கேளுங்கள்.

குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வேறு கணக்கு. பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 360 நாள், பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை எடுக்கலாம். மத்திய அரசின் சிவில் பெண் ஊழியர்களுக்கு 730 நாள் இருக்க, சீருடை அணிந்தவருக்குப் பாதிகூட இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதனால் அதை முதல் வருடத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். பள்ளி நாட்களுக்கும், பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போகும் நாட்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.