டிப்ளோமா வேண்டாம், தங்கச்சி. கையிலுள்ள தரவிலிருந்தே தொடங்குங்கள்

உயர்தரத்திலிருந்து உயிரியலையே படித்துவந்தவரிடம், முதுமாணி ஆய்வின் நடுவில் மேற்பார்வையாளர் ஒரு மரபணு வரிசைக் கோப்பைத் தந்து "பகுப்பாய்வு செய்துகொண்டு வாங்கோ" என்றால் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால் வெள்ளவத்தையில் ஒரு மென்பொருள் டிப்ளோமாவுக்குக் காசு கட்டச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள் என்கிறீர்கள். கட்ட வேண்டாம். இதை அப்பா அம்மாவிடமும் காட்டுங்கள். அப்படியான வகுப்புகள் பெரும்பாலும் இணையத்தளம் அமைக்கவும் அலுவலக மென்பொருள் எழுதவும் பழக்குபவை. உங்களுக்கு வேண்டியது அதுவல்ல.

உங்களிடம் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது: நோயாளியின் இரத்தத்தில் இருந்த டெங்கு வைரஸ் நான்கு வகைகளில் எது? அதன் மரபணுத்தொகுதி ஏறக்குறைய 10,700 எழுத்துகள்தான். சாதாரண லாப்டொப்பே போதும். முதலில், தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டுத் தேடித்தரும் பிளாஸ்ட் (BLAST) தளத்தைத் திறந்து வரிசையை ஒட்டிப் பாருங்கள். 1990இல் வந்த கருவி, இன்றும் முதற்படி அதுதான். வரும் பட்டியலில் எந்த ஒற்றுமை உண்மையானது, எது தற்செயல் என்று பிரித்தறிய உயிரியல் தெரிய வேண்டும். அந்த இடத்தில் கொம்பியூட்டர் படித்தவர்தான் உங்களைத் தேடி வருவார்.

அப்புறம் கேலக்ஸி (Galaxy) என்ற பகுப்பாய்வுத் தளம். இலவசம், கட்டளை எழுதாமல், உலாவியிலேயே வேலை முடியும். வரிசையைப் படிக்கும் கருவி தரும் ஃபாஸ்ட்கியூ (FASTQ) கோப்பில் ஒவ்வொரு வாசிப்புக்கும், அதாவது கருவி படித்த ஒவ்வொரு துண்டுக்கும், நான்கு வரிகள் இருக்கும். நான்காவது வரியில் கிறுக்கல் போலத் தெரியும் குறிகள் தர மதிப்பெண்கள். 30 என்றால் அந்த எழுத்து பிழையாக இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இவை பழகிய பிறகே, கட்டளைகளைத் தட்டச்சிட்டு வேலை செய்யும் லினக்ஸின் கறுப்புத் திரை. விண்டோஸ் லாப்டொப்பிலேயே அதை நிறுவலாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வரிசைகளை மட்டும் வைத்திருக்கும் ஃபாஸ்டா (FASTA) கோப்பில் ஒவ்வொரு வரிசையும் > என்ற குறியுடன் தொடங்கும். கோப்பில் தேடும் கிரெப் (grep) கட்டளையால் அவற்றை எண்ணும்போது அந்தக் குறியை மேற்கோளுக்குள் போட மறந்தால், கோப்பு முழுவதும் அழிந்து வெறுமையாகிவிடும். அழியும் முன் எச்சரிக்கைகூட வராது. ஆகவே எப்போதும் பிரதியில்தான் வேலை. மூலக் கோப்பு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கட்டும்.

எக்செலிலும் கவனம் வேண்டும். செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் 2020இல் மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே மாற்றினார்கள். புள்ளிவிவரக் கணக்குகளுக்கான ஆர் (R) நிரல்மொழியைப் பிறகு பார்க்கலாம், அவசரமில்லை.

தனியாகப் போராடாதீர்கள். உங்கள் துறையில் இதே நிலையில் இன்னும் சிலர் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மாலை ஆய்வுகூடத்தில் கூடி, ஒருவருடைய தரவை எல்லாரும் சேர்ந்து பாருங்கள். செய்த ஒவ்வொரு படியையும் எழுதி வையுங்கள். வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, டிப்ளோமாச் சான்றிதழைவிட அந்தக் குறிப்புகளும் முடித்த பகுப்பாய்வும்தான் உங்களுக்காகப் பேசும். இந்த வாரம் மேற்பார்வையாளரிடம் ஒரேயொரு மாதிரியின் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த படியைச் சேர்ந்தே பார்ப்போம்.