ராடிட்ஸ் இன்னும் எத்தனை முறை வந்திறங்குவான்?

கேள்வி: 'டிராகன் பால்' மாதிரி ஒரு ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வீடியோ கேம்களை மட்டும் ஏன் இப்படிச் சொதப்புகிறார்கள்? ரசிகர்கள் என்றால் இளிச்சவாயர்கள் என்ற நினைப்பா?

பதில்: அந்த நினைப்பை வளர்த்துவிட்டது யார் என்று திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அட்டையில் தொடரின் நாயகன் கோகுவின் தலைமுடி தெரிந்தால் போதும், நாம் பர்ஸைத் திறந்துவிடுகிறோமே!

'அல்டிமேட் பேட்டில் 22' என்று ஒரு கேம், முதல் பிளேஸ்டேஷனுக்கானது. ஜப்பானில் 1995-இல் வந்தது. அதைத் தூசி தட்டி 2003-இல் அமெரிக்கக் கடைகளில் இறக்கினார்கள். அதற்குள் பிளேஸ்டேஷன் 2 வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதே கோகுவை வைத்து 'புடோகாய்' என்ற முப்பரிமாண கேமும் சில மாதங்களுக்கு முன்பே அங்கே விற்பனைக்கு வந்துவிட்டது. அப்புறம் ஏன் இது? அங்கே டிவியில் தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லாமே பேராசை இல்லை. 2011-இல் வந்த 'அல்டிமேட் டென்காய்ச்சி'யைப் பாருங்கள். அனிமே காட்சியே அசைவது போல அத்தனை அழகு. சண்டையோ ஒற்றையா இரட்டையா ஆட்டம்தான். நெருங்கிப் போனதும் அடிப்பவர் இரண்டு பட்டன்களில் ஒன்றை அமுக்குவார், எதிராளி அது எது என்று ஊகிக்க வேண்டும். சரியாக ஊகித்தால் தப்பித்தார். இல்லையென்றால் அடி விழும் காட்சி நீளமாக ஓடும், இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். மறு வருடம் இதே சரக்கை, உடல் அசைவைக் கேமராவால் படிக்கும் கினெக்ட் கருவிக்கு மாற்றினார்கள். டிவி முன் நின்று காற்றில் குத்த வேண்டும். கத்திக்கொண்டே கோகுவின் கமேஹமேஹா சக்திக் கதிரை விடுவதில் கொஞ்ச நேரம் குஷி உண்டு, மறுக்கவில்லை. அப்புறம் தோள்வலிதான்.

இங்கேதான் சிக்கல். ஐந்து நிமிடத்தில் வெடித்துவிடும் என்று வில்லன் ஃப்ரீசா சொன்ன நாமெக் கிரகம் எத்தனை எபிசோடுகள் தாக்குப்பிடித்தது! முறைப்பது, உறுமுவது, சக்தி ஏற்றுவது என்று நம்மைக் காக்க வைப்பதில்தான் தொடரின் ருசியே இருக்கிறது. பார்ப்பவருக்கு அது சுகம், கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவருக்குத் தண்டனை. காட்சியை அப்படியே எடுத்துப் போட்டால் கேம் படுத்துவிடும்.

2018-இல் 'ஃபைட்டர்இசட்' செய்த ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸுக்கு இது தெரிந்திருந்தது. சண்டை கேம்களே அவர்கள் தொழில். மூவருக்கு மூவர் மோதும் ஆட்டத்தைச் சண்டை கேமாகவே நிற்கும்படி கட்டினார்கள். கோகுவின் போட்டியாளன் வெஜிட்டா யாரென்றே தெரியாதவரும் உட்கார்ந்து ஆடலாம். அந்த ஆண்டு லாஸ் வேகஸில் நடந்த ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில் அதிகம் பேர் பெயர் கொடுத்தது இதற்குத்தான்.

கதைப் பகுதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கோகுவின் அண்ணன் ராடிட்ஸ் விண்வெளியிலிருந்து வந்திறங்குவான், அப்புறம் ஃப்ரீசா, செல், பூ என்று வில்லன்கள் வரிசை. 2020-இன் 'ககரோட்' வரைக்கும் இதே வரிசைதான். 2024-இல் 'ஸ்பார்க்கிங் ஜீரோ' கொஞ்சம் துணிந்தது. ராடிட்ஸை எதிர்க்க பழைய எதிரி பிக்கோலோவோடு கூட்டுச் சேர மாட்டேன் என்று கோகு சொல்லலாம், கதை வேறு பக்கம் திரும்பும். ஒரே நாளில் முப்பது லட்சம் விற்றது. அதிலும் பாருங்கள், முக்கியமான காட்சிகள் பலவற்றை அசையாத படங்களாகவே ஓட்டிவிட்டார்கள். முப்பது லட்சம் பேர் வாங்கிய பிறகு அதை யார் போய்க் கேட்பது?