முறைப்பெண், பாம்பே குரூப், தாத்தாவின் வழுக்கை: மரபணு கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு ஏபி பாசிட்டிவ், மனைவிக்கு பி பாசிட்டிவ். மூன்று வயது மகனுக்கு ‘ஓ’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வீட்டில் யாரும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை, ஆனால்…

பதில்: அந்த ‘ஆனால்’ புரிகிறது. முதலில் வேறொரு லேபில் மூன்று பேரும் மறுபடி சோதித்துப் பாருங்கள். டியூப் மாறிப்போவது நடக்கிற விஷயம்தான்.

ஏபி உள்ளவர் பிள்ளைக்கு ஏ அல்லது பி, இரண்டில் ஒன்றைக் கொடுத்தே தீருவார். அதனால் சாதாரணக் கணக்கில் ஓ வராது. கணக்கு தப்புகிற ஓர் இடம் உண்டு: பாம்பே குரூப். 1952இல் அன்றைய பம்பாயில் டாக்டர் பெண்டேவும் சகாக்களும் கண்டறிந்தது. ஏ, பி இரண்டும் சிவப்பணுவில் ‘எச்’ என்ற பொருளின் மேல்தான் கட்டப்படுகின்றன. அஸ்திவாரமே இல்லையென்றால் மாடி எங்கே எழும்பும்? பழுதான எச் மரபணு தாய், தகப்பன் இருவரிடமும் ஒவ்வொன்று மறைந்திருந்து, இரண்டும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால், உள்ளே ஏ-யோ பி-யோ இருந்தும் சோதனையில் ஓ என்றே காட்டும். அந்த எச் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்ட்டி-எச் சோதனை கேட்டு வாங்குங்கள். குடும்பச் சந்தேகத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பாம்பே குரூப்காரருக்குச் சாதாரண ஓ ரத்தம்கூட ஏற்றக்கூடாது, உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஐந்தாம் மாதம். பாலில் குங்குமப்பூ போட்டுக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

பதில்: பிறக்காது. நிறத்தைத் தீர்மானிக்கும் பல மரபணுக்கள் கரு உருவான அன்றே முடிவாகிவிட்டன. பால் நல்லது, குடியுங்கள்.

கேள்வி: தாய்மாமனுக்கே என்னைப் பேசி முடித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: ஒன்றும் ஆகாமல் போனவர்களைத்தான் குடும்பம் நினைவில் வைத்திருக்கும். பிறந்து சில நாளில் போன குழந்தைகளைப் பற்றிப் பாட்டியிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஒவ்வொருவரிடமும் பழுதான மரபணுக்கள் சில உண்டு. ஜோடியில் இன்னொன்று நன்றாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. மாமனும் மருமகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால்தான் கூடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்தப்பா மகள் தங்கை, அத்தை மகள் முறைப்பெண் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். மரபணுவுக்கு அந்த முறையெல்லாம் தெரியாது, அதன் கணக்கில் இருவரும் ஒரே தூரம்தான்.

இப்படிக் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. அதற்காக ஆபத்து கூடவில்லை என்று சொல்லிவிட முடியாது. பேச்சை நிறுத்தும் தைரியம் உங்களுக்கு இருந்தால் நான் உங்கள் பக்கம். இல்லையென்றால் தாலி ஏறும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். வீட்டில் காது கேளாமை, மனவளர்ச்சிக் குறை, ரத்த நோய் எதுவும் இருந்திருந்தால் மறைக்காதீர்கள்.

கேள்வி: மூத்தவளுக்குத் தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய். நாங்கள் இருவரும் கேரியர், அதாவது பழுதான மரபணுவை மறைவாகச் சுமப்பவர்கள், பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒன்று வாய்ப்பு என்றார் டாக்டர். அப்படியானால் அடுத்த மூன்றும் தப்பிக்குமா?

பதில்: இல்லை அம்மா. தாயக்கட்டைக்குப் போன தடவை என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நாலில் ஒன்றுதான். அடுத்து தரித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 11ஆம் வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்துக் கருவைச் சோதிக்கலாம். உங்கள் இருவரின் உடன்பிறந்தவர்களும் கேரியர் சோதனை செய்துகொள்வது நல்லது.

கேள்வி: அம்மா வழித் தாத்தாவுக்கு முழு வழுக்கை. எனக்கு 24 வயது. தப்பிப்பேனா?

பதில்: வழுக்கையில் பெரும் பங்குள்ள ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும், தாத்தா மேல் பழி விழுவது அதனால்தான். ஆனால் அம்மாவிடம் இரண்டு எக்ஸ், தாத்தாவுடையது உங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேறு பல மரபணுக்களும் இதில் சேருகின்றன, அவை இரண்டு பக்கமிருந்தும் வரும். தாத்தா போட்டோவை வைத்துக் கவலைப்படுவது போதும், அப்பா தலையையும் ஒரு தடவை பாருங்கள்.