தங்க வேலைப்பாட்டுக் கோப்பைகளை ஏலத்தில் விடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் ஊரில் பழைய பொருள் விற்கும் திரிஃப்ட் கடையில், தங்க வேலைப்பாடும் பச்சைச் சாய்சதுரங்களும் உள்ள ஆறு பழைய மதுக்கோப்பைகளை 12 டாலருக்கு வாங்கினேன். இபே தளத்தில் இதே போன்ற ஆறு கோப்பைகளுக்கு 300 டாலர் விலை போட்டிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் தன் கணக்கில் ஏலம் விட்டுத் தருவதாகச் சொல்கிறார். மதிப்பீட்டுக் கட்டணம் 25 டாலர் முன்பணம், விற்ற விலையில் 40 சதவீதம் அவருக்கு, தளத்தின் கட்டணமும் தபால் செலவும் என் பங்கில். நான் ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்குத் தருவது) இருக்கிறேன். வேலை அனுமதி இல்லை. “என் கணக்கில் விற்பதால் உங்களுக்கு வரியும் வராது, விசா சிக்கலும் வராது” என்கிறார். கொடுக்கலாமா? கராஜ் சேலில் வாங்கிய, மூடி திறக்காத ஜிம் பீம் விஸ்கிப் பீங்கான் குடுவை ஒன்றும் இருக்கிறது. அதையும் விற்க முடியுமா?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். ஏலத்திலும் விடாதீர்கள்.

முதலில் அந்த 300 டாலரை மறந்துவிடுங்கள். அது யாரோ ஒருவர் கேட்கிற விலை. யாரும் கொடுத்த விலை அன்று. தேடல் பக்கத்தில் ‘விற்றுப்போனவை’ என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் தெரிவதுதான் சந்தை. வாங்குபவரின் பணம் எங்கே போய் நின்றது என்பதைப் பார்க்காமல், விற்பவரின் ஆசையை விலை என்று எடுத்துக்கொள்வதால்தான் பாதிப் பேர் இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், நியூயார்க்கின் புரூக்ளினில் இயங்கிய கல்வர் நிறுவனத்தின் ‘வலென்சியா’ வகையாக இருக்கலாம். 22 காரட் தங்கத்தில் செய்த வேலை அது. கோப்பையை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். வெளிப்புறத்தில், அடிக்குச் சற்று மேலே, பொன்னெழுத்தில் சாய்ந்த கையொப்பம் தெரிகிறதா? தெரிந்தால் அதைத் தனியாக, நெருக்கமாகப் படம் எடுங்கள். தெரியாவிட்டால் ‘கல்வர்’ என்று தலைப்பில் எழுதாதீர்கள். வெள்ளி விளிம்பு போட்ட உருண்டைக் கோப்பை எதைக் கண்டாலும் டாரதி தோர்ப் என்ற வடிவமைப்பாளரின் பெயரை ஒட்டிவிடுகிற கூட்டம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. கையொப்பமும் இருக்காது, ஆதாரமும் இருக்காது. அதில் சேர வேண்டாம்.

பிறகு விரல் நகத்தால் ஒவ்வொரு கோப்பையின் விளிம்பையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்தில் தட்டும். தங்கம் எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுப் போட்டுக் கண்ணாடி அரிக்கப்பட்டுப் பால்படிந்தது போல ஆகியிருந்தால், எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது பழையபடி தெளியாது. இருக்கிற குறையை எழுதிவிடுங்கள். ‘பொருள் சொன்னபடி இல்லை’ என்று வாங்கியவர் 30 நாளுக்குள் புகார் கொடுத்தால், ‘திருப்பி எடுக்கப்பட மாட்டாது’ என்று நீங்கள் போட்ட வரி செல்லாது. திரும்பி வரும் தபால் செலவும் உங்கள் தலையில்தான்.

இனி அந்த நண்பர். ஒரு பேச்சுக்கு, கோப்பைகள் 90 டாலருக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் தபாலுக்கு 20 டாலரும், தன் மாநில விற்பனை வரியாக 8 டாலரும் தருகிறார். தளம் தன் கமிஷனை 90 டாலருக்கு மட்டும் போடாது. மொத்தம் 118 டாலருக்கும் போடும். அரசாங்கத்துக்குப் போகிற வரிப்பணம் உங்கள் கைக்கு வருவதே இல்லை. வராத பணத்துக்கும் உங்களிடம் கமிஷன்! கேட்டால், மொத்தத் தொகையைக் கையாளும் செலவு என்பார்கள். விகிதம் 13 சதவீதத்துக்கு மேல். ஆக 15 டாலருக்குக் குறையாமல் போகிறது. தபாலுக்கு 20, பெட்டிக்கும் காகிதத்துக்கும் 5, உங்கள் முதல் 12. வரவு 110 டாலரில் (விலை 90, தபால் 20) மிச்சம் 58 டாலர். இதிலிருந்து நண்பருக்கு, விற்ற விலையான 90இல் 40 சதவீதம், அதாவது 36. ஏற்கெனவே வாங்கிக்கொண்ட மதிப்பீட்டுக் கட்டணம் 25. உங்களுக்கு 3 டாலர் நஷ்டம். அவருக்கு 61 டாலர்.

மதிப்பிடுவதற்கு முன்பணம் கேட்டு, அதே பொருளை விற்றுத் தருவதாகவும் சொல்கிற எவரிடமிருந்தும் விலகுங்கள். அவருக்குப் பொருள் விற்க வேண்டிய அவசியமே இல்லை. 25 டாலர் கொடுக்க ஆள் வந்துகொண்டே இருந்தால் போதும். ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று பயிற்சி வகுப்பு நடத்துபவர்களும் இதே ரகம்தான். கோப்பையில் அவ்வளவு லாபம் இருந்தால் அவர்கள் ஏன் கோப்பை விற்காமல் வகுப்பு விற்கிறார்கள்? தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன் என்பவரும், கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி மீதியைத் திருப்பிக் கேட்பவரும் இவர்களுக்கு அண்ணன்மார்.

ஏலம் வேண்டாம் என்றேன். காரணம் எளிது: உங்கள் கோப்பை போலப் பல அங்கே எப்போதும் விற்பனைக்கு இருக்கின்றன. எவரும் அடித்துக்கொண்டு வரப்போவதில்லை. 99 சென்ட்டில் ஆரம்பித்தால் ஒரே ஒருவர் கேட்டு, 99 சென்ட்டுக்கே கொண்டுபோக நேரலாம். நிலையான விலை போட்டு, பேரம் பேசும் வசதியைத் திறந்து வைத்துக் காத்திருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நாளைக்கு உங்களுக்கே நேரக்கூடும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். விற்றுப்போனவற்றின் பட்டியலில் ஒப்பிடவே எதுவும் கிடைக்காத பொருளுக்கு ஏலம்தான் சரி. ஒரு குரோமியம் காக்டெய்ல் ஷேக்கரின் (மதுக்கலவையைக் குலுக்கும் குவளை) அடியில், வில்லேந்திய பாதி மனிதன் பாதிக் குதிரை உருவம் பொறித்திருந்தால், அது கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரியின் சேஸ் நிறுவனத்துடையது; அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய 1933ஐ ஒட்டிய காலத்துச் சரக்கு. அதிலும் ‘கெயெட்டி’ ஷேக்கர் அடிக்கடி கிடைப்பதுதான், விலை தெரிந்ததுதான். அதற்கு ஏலம் தேவையில்லை. அதே நிறுவனத்தின் அரிதான ஒன்று, விலையே தெரியாத ஒன்று கையில் சிக்கினால், சேகரிப்பாளர்கள் இருவர் மோதட்டும் என்று ஏழு நாள் ஏலம் விடலாம். ஞாயிறு மாலை, கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் விழித்திருக்கும் நேரத்தில் முடியும்படி வையுங்கள். ஆரம்ப விலை, நீங்கள் பொருளைக் கொடுக்கத் துணிந்த குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இருக்கக் கூடாது. நண்பரை விட்டு விலையேற்றச் சொல்லாதீர்கள், கணக்கையே முடக்குவார்கள். இவ்வளவும் அந்த ஒரு வகைக்கு மட்டும். ஆறு கல்வர் கோப்பைகள் அந்த வகையில் சேராது.

தபாலுக்கு வருவோம். கோப்பைகளைத் தனித்தனியாகச் சுற்றி, ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். வெளிப்பெட்டி ஒரு கன அடியைத் தாண்டினால், எடை குறைவாக இருந்தாலும் பருமனை வைத்துக் கட்டணம் போடுவார்கள். விலை போடுவதற்கு முன்பே பெட்டியை அளந்துவிடுங்கள். தபால் துறை 100 டாலர் வரை காப்பீடு தருகிறது என்று நம்பி இருக்க வேண்டாம். ‘சரியாகக் கட்டவில்லை’ என்ற ஒரு வரியில் மனுவைத் தள்ளிவிடுவார்கள்.

வரி: உங்கள் விற்பனைத் தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கத் தளம் அனுப்பும் 1099-கே படிவத்துக்கான வரம்பை 2021இல் 600 டாலர் என்று சட்டம் போட்டார்கள். பிறகு ஆண்டுதோறும் ஒத்திவைத்தார்கள். 2025இல் பழையபடி 20,000 டாலரும் 200க்கு மேற்பட்ட விற்பனைகளும் என்று ஆக்கிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் எல்லோரையும் பதறவைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் நியூ ஜெர்சியின் வரம்பு 1,000 டாலர். படிவம் வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு. வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 12 டாலர் முதல் என்று காட்ட அதுதான் சாட்சி.

விசா விஷயத்தில்தான் அந்த நண்பர் உங்களை ஆபத்தில் தள்ளுகிறார். கணக்கு யார் பெயரில் இருந்தாலும் லாபம் உங்களுடையதுதான். வீட்டில் புழங்கிய பொருளை விற்பது வேறு; விற்பதற்கென்றே தொடர்ந்து வாங்குவது வேறு. இரண்டாவது வகைதான் வியாபாரம்; அதை அனுமதியற்ற வேலை என்று கருத இடமுண்டு. அடுத்த பெட்டிக் கோப்பைகளை வாங்குவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அந்த 25 டாலரை வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜிம் பீம் குடுவையை உள்ளே மதுவோடு இபேயில் போட முடியாது. வெற்றுக் குடுவையாக, காலியான படத்தோடு போடலாம். அந்த வகைக் குடுவைகளைப் பல பத்தாண்டுகள் ஏராளமாகச் செய்து தள்ளியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் விலை தபால் செலவுக்கே காணாது. உள்ளே இருப்பதைக் குடித்துத் தீர்க்கலாமே என்று வீட்டில் யாராவது சொன்னால் விடாதீர்கள். பழைய பீங்கான் பூச்சில் ஈயம் இருக்கலாம். மது அதில் எத்தனையோ ஆண்டுகளாக ஊறியிருக்கிறது.