தூண் சாயவில்லை, நின்ற இடம் தப்பு

கேள்வி: ரோமில் இருக்கும் புனித இஞ்ஞாசியார் ஆலயக் கூரை ஓவியத்தை ஆகா ஓகோ என்று எழுதினீர்கள். போய் வந்த என் மருமகன் எடுத்த படங்களில் தூணெல்லாம் குடைசாய்ந்து கிடக்கிறது. புனிதரோ எறும்பளவு. இதுவா மேதைமை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மருமகன் எங்கே நின்று எடுத்தார் என்று கேட்டீர்களா?

நடுக்கூடத் தரையில் வட்டமாக ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறது. அந்திரேயா போட்ஸோ என்ற ஓவியர் 1694-இல் முடித்த அந்தக் கூரை, அந்தக் கல்மேல் நிற்கிறவர் கண்ணுக்காக வரைந்தது. தள்ளி நின்றால் தூண் சாயத்தான் செய்யும். பல இடங்களிலிருந்தும் பார்க்கும்படி வரையலாமே என்று அவர் காலத்திலேயே சொன்னார்கள். பார்வைப் புள்ளி ஒன்றுதான் என்று தம் நூலில் அடித்துச் சொல்லிவிட்டார் மனிதர்.

கூரை தட்டையல்ல, பீப்பாயைப் பாதியாய் அறுத்துக் கவிழ்த்த வளைவு. அதில் நேரான தூண் வரைய அவர் சொன்ன வழி இது. தாளில் உள்ள படத்துக்குக் கட்டம் போட வேண்டும். வளைவு தொடங்கும் மட்டத்தில் அதே எண்ணிக்கைக் கட்டங்களோடு குறுக்கும் நெடுக்கும் நூல் வலை கட்ட வேண்டும். இருட்டில் பார்வைப் புள்ளியில், அதாவது கல்மேல் நிற்பவர் கண் இருக்கும் இடத்தில், விளக்கை வைத்தால் வலையின் நிழல் வளைவில் விழும், அதைக் கோடாக்கிக்கொள்ளலாம். உயரம் கூடினால் நிழல் மங்கிவிடும். அப்போது அதே புள்ளியிலிருந்து ஒரு நூலை இழுத்து, வலையின் ஒவ்வொரு முடிச்சையும் தொட்டபடி கூரைவரை பிடித்துக் குறிக்க வேண்டும். பிறகு தாளின் ஒவ்வொரு கட்டத்தில் உள்ளதையும் மேலே அதற்குரிய கட்டத்தில் வரைய வேண்டும். மேலே விழும் கட்டங்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். பாவமே என்று அந்தக் கோணலை நிமிர்த்தினால் காரியம் கெட்டது.

பிறகு சாந்து வேலை. அன்றைக்கு வரைந்து முடிக்கும் அளவுக்கு மட்டுமே மேற்பூச்சு. ஈரத்திலேயே நிறம் ஏற வேண்டும். சுண்ணாம்பு கரியமில வாயுவை வாங்கி இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் போட்டது நாளாவட்டத்தில் உதிரும். சொர்க்கத்து நீலம்தான் பெரிய தொல்லை. அது கோபால்ட் சேர்ந்த கண்ணாடியை அரைத்த பொடி. சாந்து புதிதாய் இருக்கும்போதே, மற்ற நிறங்களுக்கு முன்னால் போட்டுவிட வேண்டும்; தாமதித்தால் ஒட்டாது என்கிறார் போட்ஸோ. வெள்ளைக்கு நாள்பட ஊறிய சுண்ணாம்பு. ஈய வெள்ளை சுவரில் கறுத்துவிடும்.

புனிதர் எறும்பளவா? இயேசு சபையை நிறுவிய அவர் சொர்க்கத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறார் ஐயா! ஆளைத் தேடாமல் ஒளியைத் தேடுங்கள். கிறிஸ்துவிடமிருந்து வரும் கதிர் இஞ்ஞாசியாரின் நெஞ்சில் பட்டு, நான்காகப் பிரிந்து நான்கு கண்டங்களுக்கும் போகிறது. (அன்றைய கணக்கில் கண்டம் நான்குதான்.) ஒட்டகத்தோடு இருக்கும் பெண் ஆசியா. நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த சவேரியாரும் மேகக் கூட்டத்தில் இருக்கிறார்.

இன்னொன்று. பீடத்தை நோக்கிக் கொஞ்சம் நடந்தால் இரண்டாவது வட்டக் கல் வரும். அங்கிருந்து தெரியும் குவிமாடம், 1685-இல் மாட்டிய தட்டையான துணி ஓவியம். மருமகன் அதற்கு நேர் கீழே போய் நின்று படம் எடுத்து, நீங்கள் அதற்கும் ஒரு கடிதம் போட வேண்டாம்.