அப்பாவோட லங் கேன்சருக்கு ஜீன் டெஸ்ட்: அந்தச் செலவை மிச்சம் பிடிக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு லங் கேன்சர், அதுல அடினோகார்சினோமாங்கிற வகை, நாலாவது ஸ்டேஜ். டாக்டர் என்ஜிஎஸ்னு, நிறைய ஜீனை ஒரே தடவையில பார்க்கிற டெஸ்ட் எடுக்கச் சொல்றார், ரிப்போர்ட் வர ரெண்டு மூணு வாரம் ஆகுமாம், செலவும் அதிகம். அந்தக் காசை நேரா கீமோவுக்கே போடலாம்னு சித்தப்பா சொல்றார். கைல இருக்கிறது அப்பாவோட டெபாசிட் மட்டும்தான்.

பதில்: சித்தப்பா அக்கறையிலதான் சொல்றார், ஆனா இந்த டெஸ்டை விட்டுடாதீங்க. மத்த எல்லாச் செலவும் இந்த ரிப்போர்ட்டை வச்சுத்தான் முடிவாகும். கேன்சர் செல்லுல ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 மாதிரி ஜீன்ல மாற்றம் இருந்தா அதுக்குன்னே மாத்திரை இருக்கு, இல்லைன்னா கீமோ, உடம்போட எதிர்ப்பு சக்தியை வச்சே கேன்சரை எதிர்க்கிற இம்யூனோதெரபின்னு வேற வழி. 2009ல வந்த ஐபாஸ் ஆய்வைப் பாருங்க, ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவங்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை சராசரியா 9.5 மாசம் நோயைப் பிடிச்சு வச்சுது, கீமோ 6.3 மாசம்தான், ஆனா மாற்றம் இல்லாதவங்களுக்கு அதே மாத்திரை வெறும் 1.5 மாசம், கீமோ 5.5. டெஸ்ட் இல்லாம குத்துமதிப்பா மருந்து வாங்கினா பணமும் போகும், அதைவிடப் பெருசா காலமும் போயிடும்.

செலவைக் குறைக்க ஒவ்வொரு ஜீனா தனித்தனியா பார்க்கலாம்னு சிலர் சொல்வாங்க, அதுல பயாப்ஸிக்கு எடுத்த கட்டிச் சதை தீர்ந்துபோனா மறுபடி ஊசி போட்டு எடுக்கணும், அது இன்னொரு செலவு, அப்பாவுக்கும் வேதனை. சதை போதலைன்னா ரத்தத்துலயே பார்க்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா, இல்ல கீமோ மட்டும் ஆரம்பிக்கலாமான்னும் கேட்டுடுங்க, அப்பாவுக்கு மூச்சு எப்படி இருக்குங்கிறதைப் பார்த்து அவர் சொல்வார்.

இப்போ டெபாசிட். மொத்தத்தையும் இப்பவே உடைக்காதீங்க, டெஸ்டுக்கும் முதல் ரெண்டு மாசத்துக்கும் தேவையானதை மட்டும் எடுங்க. ஏன்னா மாத்திரை ஒத்துவந்தா அது வேலை செய்யற வரைக்கும் தினமும் சாப்பிடணும், வருஷக்கணக்குலகூடப் போகும், வீட்டு வாடகை மாதிரி மாசாமாசம் நிக்கிற செலவு. இன்ஷூரன்ஸ்ல ஜீன் டெஸ்டுக்கும் வீட்ல சாப்பிடற மாத்திரைக்கும் பணம் தருவாங்களான்னு ரெண்டையும் தனித்தனியா எழுத்துல கேளுங்க, அட்மிட் ஆனாத்தான் பணம்னு சொல்ற பாலிசி நிறைய இருக்கு. மருந்து பேர் தெரிஞ்சதும் ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேற கம்பெனி விலை குறைச்சு விக்கிறது, இருக்கான்னு விசாரிங்க, ஜெஃபிடினிப்புக்கு இருக்கு. புது மருந்துன்னா கம்பெனியோட உதவித் திட்டம் ஏதாவது இருக்கான்னு முதல் டப்பா வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.